பீரோவில் பூட்டிய சட்டை

மாமா, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்றைய கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாமல் சாப்பிடுங்கள்.

"என் புள்ளையோட உயிருக்கு விலை பேசுறியா?" என்று கேட்டீர்களே. உங்கள் மகன் கரண்ட்டை நிறுத்தாமல் லிஃப்ட் ரிப்பேரில் கை வைத்தார், சாவுக்கு அவரேதான் காரணம் என்று கம்பெனி சொல்கிறது. வழக்கில் ஜெயித்து நஷ்டஈடு வாங்கினால்தான் அந்தப் பழி போகும்.

வேலைக்கு முன்னால் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாரே! அது இன்று விடியும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் போட்டிருந்த, ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையை நான் துவைக்கப் போனபோது, சண்டை போட்டுப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினீர்கள். நீங்கள் அசந்து தூங்கும்போது தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து பார்த்தேன். ஃபியூஸ் பையிலேயே இருக்கிறது, மாமா! அவர் நிறுத்தியிருக்கிறார். வேறு யாரோதான் இன்னொரு ஃபியூஸை மாட்டிக் கரண்ட்டைப் போட்டிருக்கிறார்கள்.

வக்கீலுக்குப் போன் பண்ணினேன். "நீங்க தொடாதீங்கம்மா, பூட்டி வச்சவரே எடுத்துட்டு வரட்டும்" என்றார். சாவி பழைய இடத்திலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் நான் நேரே அவர் ஆபீஸுக்கு வந்துவிடுகிறேன். நீங்களும் வாருங்கள்.

மருமகள்

பி.கு.: நல்லவேளை, அன்றைக்கு என்னைத் துவைக்க விடவில்லை.

இன்னொன்று: உங்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். இதைத் துவைத்ததற்காவது சண்டைக்கு வராதீர்கள்.