சுவர் எவ்வளவு இருக்கு?

பிப்ரவரி 6

ஆலையில் உற்பத்தி முறையைப் பார்க்கும் எங்கள் ப்ராசஸ் பிரிவுக்குப் புது ஆள். கெமிக்கல் இன்ஜினியர், அசல். நான் படித்த அதே பல்கலைக்கழகம். எனக்கு எதிர் மேசை.

உட்கார்ந்ததும் கேட்டாள்: "வெப்பப் பரிமாற்றம் உங்களுக்கு யாரு எடுத்தாங்க?"

"அந்தக் கண்ணாடிக்காரர்."

"அங்க எல்லாருமே கண்ணாடிதானே!" சிரித்தாள்.

எதற்குச் சிரித்தாள்?

பிப்ரவரி 7

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் படித்தது வேதியியல். விண்ணப்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். இந்தப் பிசின் ஆலைக்கு வந்த முதல் நாள் மேலாளர் எல்லோரிடமும் "நம்ம புது கெமிக்கல் இன்ஜினியர்" என்றார். நாளைக்குத் திருத்தலாம் என்றிருந்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அதில் பெருமை வேறு: "கெமிஸ்ட்ரின்னா டீச்சரான்னு கேக்கறாங்கடி. இன்ஜினியர்னே இருக்கட்டும்."

தெரிந்தால் இந்த நாற்காலி போய்விடும்.

பிப்ரவரி 15

சாப்பிடும்போது கேட்டாள். "நம்ம யுனிவர்சிட்டி கேன்டீன்ல அந்தப் பூனை இன்னும் இருக்கா?"

"எந்தப் பூனை?" என்றேன்.

அரைக்காதுப் பூனை. என் தட்டிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தது. ஆனால் அது வேதியியல் துறை வாசலில் இருக்கும் கேன்டீன். தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்?

ஒவ்வொரு கேள்வியாகப் போட்டு என்னை அளக்கிறாள்.

மார்ச் 2

கெட்டிப்படுத்தும் திரவத்தை ரியாக்டர் என்கிற பெரிய பிசின் கலனில் நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஆய்வகக் குடுவையில் ஒரே மணி நேரத்தில் விட்டுப் பார்த்தேன். சூடு ஏறவே இல்லை. ரியாக்டரிலும் அப்படியே செய்யலாம் என்று திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"இதுல சுவர் எவ்வளவு இருக்கு?"

புரியவில்லை. "போதுமான அளவு" என்றேன். திரையைச் சாய்த்துக்கொண்டேன்.

மார்ச் 3

சுவர் என்றால்? கேட்க அவளை விட்டால் ஆள் இல்லை. கேட்டால் முடிந்தது கதை.

மார்ச் 9

வியாழக்கிழமை அவள் விடுப்பு. ரியாக்டர் சோதனையை வியாழனுக்கே போட்டுவிட்டேன். மேலாளர் திட்டத்தைப் படிக்கவில்லை. "நீ போட்ட கணக்குதானே" என்று கையெழுத்திட்டார்.

மார்ச் 12

ஐயோ. அரை மணி நேரம்கூட ஆகல. டெம்பரேச்சர் முள் ஏறிட்டே போச்சு — நான் பாத்துட்டே நிக்கறேன். ஆபரேட்டர் அண்ணன்தான் ஓடிப்போய் வால்வை மூடினார். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஐயாயிரம் லிட்டரும் உள்ளேயே இறுகிவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தார் அண்ணன். "ஏம்மா, பிசின் கேட்டா சிலை செஞ்சு குடுத்திருக்கியே. ஆளை இறக்கிச் செதுக்கணும் இனிமே."

மார்ச் 13

வந்தாள். பார்த்தாள். திட்டவில்லை. ஒரு தாளில் சின்னதாகக் குடுவை, பக்கத்தில் பெரிதாக ரியாக்டர் வரைந்தாள்.

"குடுவையில எந்தச் சொட்டுக்கும் சுவர் பக்கம். சூடு வெளிய போயிடும். இந்த ரியாக்டர்ல நடுவுல இருக்கறதுக்கு, சுவர்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

"நான் இன்ஜினியர் இல்லன்னு எப்போ தெரியும்?"

"முதல் நாளே. வெப்பப் பரிமாற்றம் அங்க எப்பவும் எடுக்கறது ஒரு மேடம்தான்."

"அப்புறம் எதுக்குப் பூனையைக் கேட்டீங்க?"

"இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. பூனையைத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்காங்களான்னு பாத்தேன்."

தாளை என் மேசையில் விட்டுப் போனாள்.

மார்ச் 16

விசாரணைப் படிவம். கல்வித் தகுதி: வேதியியல், முதுகலை. எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேலாளர் இந்தத் தடவை முழுவதும் படித்தார். "இன்ஜினியர்னு சொன்னது என் தப்பு. படிக்காம கையெழுத்து போட்டதும் என் தப்பு. ஒன்பது மாசம் வாயை மூடிட்டு இருந்தது உன்னோடது." பிறகு, "ஆய்வகத்துக்குப் போ. அந்தப் பாடமெல்லாம் படிச்சு முடி. அப்புறம் பேசலாம்."

மார்ச் 17

செதுக்குகிற சத்தம் ஆய்வகம்வரை கேட்கிறது.

ஏப்ரல் 20

மாலை வகுப்பில் வெப்பப் பரிமாற்றம் ஆரம்பம். எடுப்பவருக்குக் கண்ணாடி இல்லை.

மதியம் அவள், சோதிக்க வேண்டிய பிசின் பாட்டிலோடு வந்தாள். ஒரு மாதமாக "இந்தாங்க", "எப்போ கிடைக்கும்", அவ்வளவுதான் பேச்சு. இன்றும் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அதுக்கு அரைக் காதுதான்" என்றேன்.

"எதுக்கு?"

"பூனைக்கு."

கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"எந்தக் காது?"

"இடது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.