நாலாவது பகுதியில் நிற்கும் திருடன்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் இதில் சேராது. நீயும் நலமாக இருப்பதாக நம்பச் சொல்லியிருக்கிறாய், நம்புகிறோம்.

இரண்டு பகுதி பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று நீ சொன்ன அந்தச் சிரிப்புத் தொடரை நாங்கள் விட்டு விட்டு முழுதாகவே பார்த்துவிட்டோம். ஆறே பகுதி, ஒவ்வொன்றும் பத்து நிமிஷம், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நாலு பேர், வெளியே கதவைத் திறக்கத் தெரியாமல் யோசனை மட்டும் சொல்லும் நாற்பது பேர். இதை நான் இரண்டு நிமிஷத்தில் திறந்திருப்பேன் என்று சொல்லிச் சொல்லி அம்மாவைப் பார்க்கவே விடவில்லையாம், பூட்டுக்காரனைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். ஆனால் ஒன்று, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, கதவு திறக்கப் போகிற நேரம் பார்த்து டிவி நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம், இப்போது வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுத்து வருகிறது. நீ பாஸ்வேர்டு கொடுத்த உன் கணக்கில்தானே நாங்கள் பார்க்கிறோம், அதில் உன்னையும் எங்களையும் விட்டால் வேறு யார்? எங்களுக்குச் சாயங்காலம் என்றால் உனக்கு நடுப்பகல், நீ ஆபீசில் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகூட, தலைக்கு மேல வேலைப்பா, மூச்சு விட நேரமில்ல என்று போனில் சொன்னாயே. ஆகவே அது நீயாக இருக்க முடியாது. யாரோ திருடன்தான்.

உன் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன், உடனே பாஸ்வேர்டை மாத்திடுங்க மாமா என்றார். மாப்பிள்ளைக்கு எதையாவது மாற்ற வேண்டும், போன மாதம் நம் வீட்டு ஃபேனை மாற்றிக் கொடுத்தார், இப்போது அதில் காற்றைத் தவிர எல்லாம் வருகிறது. அம்மாதான் ஒரேயடியாக வேண்டாம் என்றாள். பட்டப்பகல்ல வேலைக்குப் போகாம உக்காந்து சிரிக்கப் பாக்குதுன்னா அந்தப் புள்ள மனசுல என்ன பாரமோ, வேலை கீலை போச்சோ என்னவோ, பாத்துட்டுப் போகட்டும், சாப்பிட்டுச்சோ இல்லையோ என்றாள். திருடனைப் புள்ள என்று சொல்கிற வீடு நம் வீடாகத்தான் இருக்கும். எனக்கும் அவள் சொன்னது சரியென்றே பட்டது. என்னைப் பூட்டைத் திறக்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சாவியைத் தொலைத்த வீட்டுக்காரர்கள்தான், சொந்த வாசலிலேயே திருடன் மாதிரி கூனிக் குறுகி நிற்பார்கள்.

அவனைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவன் விட்ட இடத்திலிருந்துதான் எங்களுக்குப் படம் தொடங்குகிறது. தினமும் நாலாவது பகுதியில் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறான். லிஃப்டில் மாட்டியவர்களில் ஒருவன் தன் அம்மாவிடம் போனில், மீட்டிங்ல இருக்கேம்மா என்று புளுகுகிற இடம். ஊரே சிரிக்க வேண்டிய இடம் அது, திருடனுக்குச் சிரிப்பு வரவில்லை போலிருக்கிறது, எனக்கும் இரண்டாம் முறை வரவில்லை. ஐந்தாவது பகுதிக்கு அவன் போகவே இல்லை. எங்கேயாவது அவனைப் பார்த்தால் சொல், ஐந்தாவதில் அந்தப் பையன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா, பயந்துட்டியா என்று கேட்டுவிட்டு அவன் அம்மா அழுகிறாள், அப்புறம் திட்டுகிறாள், அப்புறம் கதவு திறக்கும் வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். பத்து நிமிஷம்தான், அவசியம் பார்க்க வேண்டியது. அந்தத் திருடனை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, அவன் மேல் கோபம் கொஞ்சமும் இல்லை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன் அறையில் போட்டிருந்த சாவி வெட்டும் மெஷினைக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன். இரும்புத்தூள் கட்டில் மேல் படிகிறது என்றாள் அம்மா. காலிக் கட்டிலில் படிந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. நேற்று டிவி முன்னாலேயே இரண்டு பேரும் கண்ணயர்ந்துவிட்டோம். விழித்தபோது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது. அம்மா ரிமோட்டைத் தேடவில்லை, டிவிக்கே பதில் சொன்னாள், ஆமாம்பா, வழியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் என்று.

போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும், நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, பாஸ்வேர்டை மாற்றவில்லை. வாசல் பூட்டும் பழையதுதான், உன்னிடம் இருக்கிற சாவியே போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா