அட்டையில் அத்தை

பெங்களூரு
12.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

கிளாடிஸ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகனும் சுகம். போனில் பேசினால் சபரீஷ் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இது நாம் இருவர் மட்டும் பேச வேண்டியது. அதனால் கூரியரில் வருகிறது.

நாவல் முடிந்துவிட்டது. இரண்டு பதிப்பகங்கள் "பார்க்கலாம்" என்று சொல்லி, ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நானே அச்சடித்து விற்கப் போகிறேன். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன், நினைவிருக்கும். தறி நின்றுபோன வீட்டிலிருந்து ஒரு பெண், மொபெட்டில் நைட்டி மூட்டை கட்டிக்கொண்டு சூலூர்த் தெருக்களில் விற்கக் கிளம்பிய கதை. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தலைப்பு 'அரை லிட்டர்'. தினமும் காலையில் நீங்கள் போட்ட பெட்ரோல்.

இப்போது அட்டைதான் சிக்கல். டிசைனர் பிரீத்திகா மூன்று மாதிரி செய்திருக்கிறாள். ஒன்றில் மலையும் தென்னந்தோப்பும். இன்னொன்றில் பூ வைத்த பெண்முகம், கோட்டோவியமாக. மூன்றாவதில் மொபெட்டில் மூட்டையோடு போகிற பெண், பின்னாலிருந்து பார்ப்பது போல. வீட்டில் ஓட்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. யார் ஓட்டு எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

முன்பின் தெரியாதவர்களைக் கை நீட்டிச் சரக்கை எடுக்க வைப்பதுதான் உங்கள் தொழில். எது எடுபடும்? சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
கிளாடிஸ்

சபரி நைட்டீஸ், காந்திபுரம்
20.6.2025

கண்ணு கிளாடிஸுக்கு,

அத்தை எழுதுவது. கடை நன்றாக ஓடுகிறது, நாங்களும் ஓடுகிறோம். உன் மாமாவுக்குத்தான் முட்டிவலி. கல்லாவில் உட்கார்ந்தால் மட்டும் வலிப்பதில்லை.

அட்டைகளைப் பிரிண்ட் போட்டு அனுப்பியது நல்ல காரியம். போனில் பார்த்தால் எல்லாச் சரக்கும் அழகுதான்.

எனக்கு எது பிடித்தது என்ற பேச்சே வேண்டாம். எனக்குப் பிடித்ததை அடுக்கியிருந்தால் இந்தக் கடையை என்றைக்கோ பூட்டியிருப்பேன். வாங்க வருகிறவளுடைய வாய் ஒன்றைச் சொல்லும், கை வேறொன்றை எடுக்கும். நான் கையைத்தான் பார்ப்பேன். அதனால் சபரீஷின் பழைய கணக்கு கைடுகள் மூன்றுக்கு உன் அட்டைகளைப் போட்டு, பில் போடும் இடத்தில் வைத்துவிட்டேன்.

முதல் நாள் எல்லாக் கையும் பெண்முகத்துக்கே போனது. இதுதான் என்று உனக்கு எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் உக்கடம் நிதா வந்தாள். நம்மிடம் சரக்கு எடுத்துப்போய் வீட்டிலேயே விற்கிறவள். ஆசையாக எடுத்துப் புரட்டியவள், "என்னக்கா, மெகந்தி டிசைன் புக்குன்னு எடுத்தா உள்ள கணக்குப் பாடமா இருக்குது?" என்றாள். அதற்கப்புறம் எடுத்தவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி கோலப் புத்தகம் என்றாள், ஒருத்தி அழகுக் குறிப்பு என்றாள். கதை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கை வந்ததைப் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன், பார்த்தாயா? காட்டன் என்று நினைத்து வாங்கிய நைட்டி பாலியெஸ்டராக இருந்தால், மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நிற்பாள். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

மலைக்கு வந்த கூத்தைக் கேள். பாலிதீன் கவர் போடுகிற அங்கப்பன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தொண்டாமுத்தூர்ப் பக்கம் சைட் போட்டிருக்கறீங்களாட்ட இருக்குது. சென்ட் என்ன விலைங்க?" என்றார். உன் மாமா சும்மா இருப்பாரா? "எல்லாம் வித்துப்போச்சுங்க" என்று சொல்லிப்போட்டார். பாவம், அந்த மனுஷன் முகம் வாடிப்போனது.

மொபெட் அட்டையைக் கொஞ்சம் பேர்தான் எடுத்தார்கள். ஆனால் எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை. மில்லுக்குப் போகிற ஒரு பெண், பில் போட்டு முடிகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். "இது யாருங்க? எங்கம்மாவும் இப்படித்தானுங்க, மாவு வாளி கட்டிட்டுப் போவாங்க" என்றாள். நான் யாரென்று சொல்லவில்லை.

மலைக்கு ஓட்டுப் போட்டது யாரென்று எனக்குத் தெரியாதா, அம்மணி? என் வயிற்றில் பிறந்தவன். ஏன் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

அத்தை,
செல்லாத்தாள்

பெங்களூரு
26.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டுவிட்டீர்கள், மறைக்கவில்லை.

"அம்மா தெருத்தெருவா மூட்டையோட போனத இப்ப எதுக்கு ஊருக்கே காட்டணும்? உள்ள இருக்கட்டும், படிக்கறவங்க படிச்சுக்கட்டும். அட்டையில வேண்டாம்" என்கிறார். ஆபீசில் எல்லோரிடமும், அம்மாவுக்கு டெக்ஸ்டைல் பிசினஸ் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். நானும் விடவில்லை, சண்டை போட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாவப் பாத்து எவனும் பாவம்னு சொல்லக் கூடாது, கிளாடிஸ்" என்றார்.

புத்தகம் பெரும்பாலும் ஆன்லைனில்தான் விற்கும். அங்கே அட்டை தபால்தலை அளவுதான் தெரியும். அந்த அளவில் மொபெட்டா மலையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். நீங்கள் சரி என்றால் மலையையே போட்டுவிடுகிறேன். ஒரு அட்டைக்காக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் மனத்தாங்கலை உண்டாக்க வேண்டாம்.

கிளாடிஸ்

காந்திபுரம்
30.6.2025

கண்ணு,

மலை வேண்டாம். சண்டைக்குப் பயந்து வைக்கிற சரக்கு விற்காது.

தபால்தலை அளவு என்றாயே, அப்படியே சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து, உன் மாமாவிடம் கண்ணாடி இல்லாமல் காட்டி, தலைப்பை நானே படித்துச் சொன்னேன். மலை அட்டையைப் பார்த்து, "அரை லிட்டரா? புதுப் பால் கம்பெனியா?" என்றார். மொபெட் அட்டையைக் காட்டினால், "பெட்ரோலு" என்று உடனே சொல்லிவிட்டார். தீர்ந்ததா? உன் தலைப்புக்கு அந்த வண்டி வேண்டும். எழுத்தும் மெலிந்து கிடக்கிறது, தடிமனாக்கச் சொல். உன் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓரத்தில் இருக்கிறது. செய்தவளே பெயரைச் சின்னதாகப் போட்டால், சரக்கில் ஏதோ குறை என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்தது என் மகனுக்கு. இதை அவனிடமே படிக்கக் கொடு.

சபரீஷ், அன்றைக்கெல்லாம் நைட்டி வாங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமல் புறவாசலுக்குக் கூப்பிடுவார்கள். வாங்கினாலும் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மற்ற வியாபாரிகள் சத்தமில்லாமல் போய் வந்தார்கள். உன் அம்மா தெருமுனையிலேயே ஹாரன் அடித்தாள். சத்தம் கேட்டதும் கதவு திறந்தது. ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் என் ஹாரனுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. அது கையேந்திக் கேட்ட சத்தம் இல்லை கண்ணு, சரக்கு வந்துவிட்டது என்று சொன்ன சத்தம். கடைக்கு உன் பெயர் வைத்தேன். அந்தப் போர்டு என் மூட்டையிலிருந்து வந்ததுதான். அதை யார் பார்த்தாலும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கிளாடிஸ், அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குனிந்த தோள், காலி ரோடு, முதுகு. முதுகைக் காட்டிப் போனால் யாரும் பாவப்பட்டவள்தான். பிரீத்திகாவிடம் சொல்லி வண்டியைத் திருப்பச் சொல். நான் போகிறவள் இல்லை, வருகிறவள். நேராகப் பார்த்து வர வேண்டும். வாங்காமல் விடமாட்டாள் என்று முகத்திலேயே தெரிய வேண்டும்.

என் பழைய லைசென்ஸ் ஜெராக்ஸ் இதில் இருக்கிறது. முகத்தை அதைப் பார்த்து வரையட்டும். அழகாக்க வேண்டாம்.

செல்லாத்தாள்

பெங்களூரு
9.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். புது அட்டை வந்ததும் அதையும் காட்டினேன். பார்த்தார், பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். இனி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பிரீத்திகா போன் செய்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல வேலையே இல்லையா? காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்காரு!" வண்டி சிவப்பு இல்லையாம், நீலமாம். ஹெட்லைட் கண்ணாடியில் விரிசலாம், அதன்மேல் டேப் ஒட்டியிருக்குமாம். மூட்டை இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்குமாம். "எங்கம்மா கட்டை விரல் எப்பவும் ஹாரன் மேலதாங்க இருக்கும், அத மாத்துங்க" என்று கடைசியாகச் சொன்னாராம்.

மாற்றியாகிவிட்டது, அத்தை. அச்சுக்குப் போகிறது. நான் பாடம் எடுக்கும் பள்ளியில் பரீட்சை வேலை. அச்சானதும் பெட்டிகளை அவரே காரில் கொண்டுவருகிறார்.

கிளாடிஸ்

காந்திபுரம்
4.8.2025

கண்ணு கிளாடிஸுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. அச்சு சுத்தம், எழுத்து தூரத்திலிருந்தே தெரிகிறது. உன் பெயரும் இப்போது பெயராக இருக்கிறது. அட்டையில் இருக்கிறவள் என்னைவிடக் கொஞ்சம் சிவப்பு, பரவாயில்லை. பார்வை என்னுடையதுதான். உன் மாமா ஒன்றை எடுத்துப்போய் டீக்கடையில் காட்டிவிட்டு, இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

நேற்றுக் கடையில் நல்ல கூட்டம். ஆடிச் சரக்கு எடுக்க வந்தவர்கள். நான் உள்ளே பண்டல் பிரித்துக்கொண்டிருந்தேன். பில் போடும் இடத்தில் சபரீஷ் நின்றான். ஒரு அம்மாள் புத்தகத்தை எடுத்தாள். எடுத்த கை கீழே வைக்கவில்லை. உள்ளே என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பிறகு அவனிடம் கேட்டாள், "ஏந்தம்பி, இது யாருங்க?"

நான் பண்டலை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன், கண்ணு.

"எங்கம்மாங்க" என்றான். கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னான். அந்த அம்மாள், "அப்படீன்னா கொஞ்சம் கொறச்சுக் குடுங்க தம்பி, உங்கம்மாகிட்ட வழக்கமா வாங்கறவ நானு" என்றாள். அதற்கு அவன், "நைட்டியில வேணா கேளுங்க. இதுல ஒரு ரூவா கொறைக்க மாட்டோமுங்க" என்று சொல்லி, சொன்ன விலைக்கே விற்றான்.

இன்னும் இரண்டு பெட்டி அனுப்பிவை.

அட்டையில் இருக்கிறவள்,
செல்லாத்தாள்