ஒன்பது ஆடு, ஒரு மாடுகூட இல்லை

பிப்ரவரி 17, 2002, ஞாயிறு

புதூருக்குக் கிழக்கே போயிருந்தேன். பெத்தம்மாள் வீட்டு வாசலில் ஒன்பது ஆடுகள் செத்துக் கிடந்தன. வாயெல்லாம் புண், கழிச்சல். மூன்றே நாளில் முடிந்துவிட்டதாம். கால்நடை மருந்தகம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். சீக்கு ஆட்டைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

"நீ எம்மெல்லே ஆயி என்னத்தக் கண்டோம் ராஜமணி?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தேர்தலில் எனக்காக அவள் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

சட்டசபைக்குப் போய் ஒன்பது மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

பிப்ரவரி 20

சட்டசபைக்குக் கேள்வி எழுதி அனுப்பிவிட்டேன். புதூருக்குக் கிழக்கே உள்ள ஊர்களுக்குக் கால்நடை மருந்தகம் அமைக்க அரசு முன்வருமா? ஒரே வரி. அதற்கு நாலு தாள் கிழித்தேன்.

ஏப்ரல் 10, புதன், சென்னை

நாளைக்கு என் கேள்வி. பட்டியலில் நான்காவது.

சபையில் என் பக்கத்து இருக்கை கல்யாணசுந்தரி அக்காவுக்கு. மூன்றாவது முறையாக ஜெயித்து வந்தவர். "அமைச்சர் எழுதிவெச்ச பதிலைப் படிப்பாரு. இல்லைனுதான் வரும். அதை விடு. அப்புறம் துணைக் கேள்வி கேக்க எந்திரிப்ப பாரு, அதுதான் உன் நேரம். தாளைப் பாத்துப் படிக்காதே, உக்காரச் சொல்லிடுவாங்க" என்றார்.

பார்க்காமல் பேசணுமாம்! விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று பத்துத் தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ பேசுகிற மாதிரியே இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். "தப்பாப் போனா என்ன, இங்கன யாரு பாக்கப் போறா? பேசிட்டு வா" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிடுதேன்.

முதலில் ஒரு பாலம், பிறகு ஒரு பேருந்து நிலையம், பிறகு குடிநீர்த் தொட்டி. தொட்டிக்கு மட்டும் ஏழு பேர் எழுந்து கேட்டார்கள். கேள்வி நேரம் மொத்தமே ஒரு மணி நேரம்தான், முடிந்தால் முடிந்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அமைச்சர் எழுந்து படித்தார். அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை. விதிப்படி ஐயாயிரம் கால்நடை அலகு வேண்டும். ஒரு மாடு ஓர் அலகு; ஆடு என்றால் பத்து சேர்ந்தால்தான் ஓர் அலகு. அங்கே இருப்பது ஆயிரத்து எழுநூறுதான். உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தேன். 'மாண்புமிகு' வரைக்கும் வந்தது. அடுத்து எப்படி வந்ததோ — "அண்ணாச்சி!"

சபையே சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். எனக்குக் காது அடைத்துப்போனது. உட்கார்ந்துவிடலாமா? அக்கா சேலையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவரோ என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

போனது போகட்டும் என்று பேசினேன்.

"அண்ணாச்சி, எங்க கரிசக்காட்டுல மாட்டுக்குப் புல்லுக்கு எங்கன போவ? அதான் ஆடு வளக்கோம். மாடு வச்சிருக்கவன் ஊருக்கு டாக்டர் உண்டு, மாடு வாங்க முடியாதவ ஊருக்கு இல்லையா? பெத்தம்மாளுக்கு மூணே நாள்ல ஒன்பது ஆடு செத்துப்போச்சு. அவ பொழப்பே அதுதான். ஒங்க கணக்குல அது ஒரு மாடுகூட இல்ல!"

சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சர் தாளைப் பார்த்தார். அதிகாரிகள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பிறகு எழுந்தார். "அண்ணாச்சி என்று அழைத்த தங்கைக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே ஆடுகளை மறுபடி எண்ணச் சொல்கிறேன். வறண்ட பகுதிகளுக்கு விதி தளர்த்தப்படும்."

எதிர்ப்பக்கத்திலும் மேசையைத் தட்டினார்கள்.

"பரிசீலிக்கப்படும்னு சொல்லல, கவனிச்சியா? தளர்த்தப்படும்னு சொல்லியிருக்காரு. சபைக் குறிப்புல அச்சாகி வந்துடும், இனி மாத்த முடியாது" என்றார் அக்கா. வெளியே வந்தும் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

ஏப்ரல் 12

பேப்பரில் நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் சபை சிரித்ததும்தான் இருக்கிறது. ஆட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் சிரிப்புக்காகவா பேசினேன்?

ஜூலை 3

ஆடுகளை எண்ண இன்னும் ஆள் வரவில்லை. சபைக் குறிப்பின் நகலோடு மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வந்துட்டாங்க! இரண்டு பேர், கையில் ஒரு நோட்டு. பெத்தம்மாள் முன்னால் நடந்து பட்டி பட்டியாகக் காட்டினாள். சினை ஆட்டை இரண்டாக எழுதச் சொல்லி ஒரே சண்டை. "பொறக்கட்டும்மா, அப்புறம் எழுதுதோம்" என்று கெஞ்சினார் பெரியவர். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஜனவரி 22, 2003

மருந்தகம் அமைக்க ஆணை வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டேன்.

ஜூன் 9, திங்கள்

திறப்பு விழா போன வாரமே முடிந்தது, மாலையும் மைக்குமாக. இன்று யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். வாடகைக் கட்டடம்தான். வாசலில் ஆடும் ஆளுமாக வரிசை நின்றது. உள்ளே டாக்டர் ஒரு கிடாயின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிலைப்படி ஓரமாக நின்று நானும் பார்த்தேன்.

கயத்தாறுப் பக்கமிருந்து வயல் உரத்துக்குக் கிடை போட வந்த ஆட்டுக்காரர் ஒருவர், தோளில் குட்டியோடு வந்தார். என்னைத் தெரியவில்லை அவருக்கு.

"ஒன் ஆடு எங்கம்மா?"

"ஆடு இல்லை."

"ஆடு இல்லாம வாசல மறிச்சிட்டு நிக்கியே! அங்கன தள்ளி நில்லு தாயி, அடுத்தது எங்களது."

தள்ளி நின்றேன்.