கத்தி வைக்க முடியாத கொடி

2006 மே 2, செவ்வாய்

ஜாமா இன்று என் கஃபடேரியாவில் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார். குற்றம் என்னுடையதுதான். புதிதாக வந்த ஒருவரிடம் "இவர் நம்ம சோமாலி" என்று அறிமுகம் செய்துவிட்டேன். ‘சோமாலிலாந்து’ என்று சொல்ல வேண்டும். துபாயில் இந்தத் தேரா பஜார் முழுக்க இது தெரியும். என் வாய்க்குத்தான் தெரியாது.

மனிதர் பழைய டயர்களைத் தோணியில் தன் நாட்டுத் துறைமுகமான பெர்பராவுக்கு அனுப்பும் வியாபாரி. அவருடைய நாட்டுக்குக் கொடி உண்டு, நோட்டு உண்டு, ஜனாதிபதி உண்டு, தேர்தலில் தோற்றவர்கள்கூட உண்டு. அது ஒரு நாடு என்று ஒத்துக்கொள்ள இன்னொரு நாடுதான் இல்லை.

மே 5, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து சமாதானம். ஜாமாவின் மகள் ஹோதனுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். பையன் தங்கம். ஆனால் அவன் தகப்பனார், அத்தர் கடை நூர், மொகதிஷுக்காரர். அதாவது, சோமாலியாவின் எந்தத் தலைநகரம் வேண்டாம் என்று இவர்கள் பிரிந்தார்களோ அந்த ஊர்.

"ஒரே பாஷை, ஒரே மார்க்கம், ஒரே ஒட்டகப்பால். இதுல என்ன வித்தியாசம்?" என்றேன்.

"அறுபதுல அஞ்சு நாள் தனி நாடா இருந்தோம். அப்புறம் நாங்களாவேதான் அவங்களோட போய்ச் சேர்ந்தோம். எண்பத்தெட்டுல எங்க ஊர் ஏர்போர்ட்லேருந்தே அவங்க விமானம் கெளம்பி எங்க மேலேயே குண்டு போட்டுச்சு. அண்ணன் வீட்டுல ஒருத்தரும் மிஞ்சல. வித்தியாசம் கேக்குறியே, சதீக்."

சதீக் என்றால் சிநேகிதன். அந்த வார்த்தையை அவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கினேன்.

மே 6

ஊருக்கு ஃபோன். ஒரே ஒட்டகப்பால் குடித்தவர்கள் ஊர் பார்த்துப் பெண் கொடுக்கிறார்கள் என்ற அதே ஜோக்கை உம்மு சல்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். பெண்டாட்டிதானே, அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"கீழக்கரையிலேருந்து நம்ம மக சப்ரீனாவைக் கேட்டு வந்தப்ப நீங்க என்ன சொன்னிய?"

காயல்பட்டினத்துக்காரன் ஊர் விட்டு ஊர் பெண் கொடுப்பதில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மே 11

என் கடை மாடியில் வைத்துப் பேச்சுவார்த்தை. ஐ.நா. சபை மாதிரி. டீ செலவு மட்டும் என்னுடையது.

ஜாமா போட்ட நிபந்தனை: நிச்சயதார்த்தம் மே 18, அவர்களுடைய சுதந்திர தினம். கொடி போட்ட கேக். அதை மாப்பிள்ளை வீட்டார் கையால் வெட்ட வேண்டும். இல்லையென்றால் பெண் கிடையாது.

நூர் தாடியைத் தடவினார். "அன்னைக்கு வியாழக்கிழமை, மறுநாள் லீவு. அதனால வர்றோம். வேற காரணம் எதுவும் இல்ல."

ஹோதன் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நான் பொறந்தது ஷார்ஜா. உங்க ரெண்டு பேர் ஊரையும் பார்த்ததே இல்ல. நடுவுல என்னைப் போட்டு இழுக்காதீங்க."

குரல் உடைந்திருந்தது. பெரியவர்கள் இருவருக்கும் காது கேட்கவில்லை.

மே 17

கேக் பொறுப்பு என்னுடையது. பச்சை, வெள்ளை, சிவப்பு; நடுவில் கறுப்பு நட்சத்திரம்; மேலே பச்சையில் வெள்ளை எழுத்தாக, அல்லாஹ்வின் பெயர் வரும் கலிமா. எங்கள் கேக் மாஸ்டர் வீரபாண்டி சிவகங்கைக்காரன், அரபியில் ஒரு புள்ளி தெரியாது. கொடியைப் பார்த்து க்ரீமில் அப்படியே எழுதிவிட்டான். "கோலம் மாதிரிதான மொதலாளி" என்றான். நான் மாஷா அல்லாஹ் சொல்லி, பத்து திர்ஹம் வேறு கொடுத்தேன்.

மே 19, வெள்ளி

நேற்று நடந்தது.

நூரிடம் கத்தியைக் கொடுத்தார்கள். வாங்கினார், கேக்கைப் பார்த்தார், திருப்பி என்னிடம் நீட்டினார்.

"கலிமா மேல கத்தி வைக்கச் சொல்றீங்களா?"

எனக்கு ஐம்பது வயது, மூன்று வேளை கடைக்கு எதிர்ப் பள்ளிவாசலில் தொழுகை, இரண்டு வேளை வீட்டில். என் மண்டையில் இது ஏறவேயில்லை.

ஜாமா முகம் கறுத்தது. "கொடியை வெட்ட மாட்டேன்னு சாக்குச் சொல்றார்."

"அப்ப நீங்க வெட்டுங்க."

ஜாமா கத்தியை வாங்கினார். கலிமாவைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார். வெட்ட முடியாது, தின்ன முடியாது, குப்பையில் போட முடியாது. ஹோதன் அழ ஆரம்பித்தாள். நூர் செருப்பைத் தேடினார். ஒரு பெண்ணின் கல்யாணம் என் க்ரீமில் வழுக்கி விழப்போகிறது — நான் என்ன செய்வேன்?

பயத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வரும். காய்ச்சல் என்றால் பள்ளிவாசல் லெப்பை பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனத்தை ஓதி எழுதித் தருவார். தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிப்போம். அதைச் சொன்னேன்.

நூர் நின்றார். "எங்க ஊர்லயும் உண்டு."

"எங்க ஊர்லயும்தான்," என்றார் ஜாமா, வேண்டாவெறுப்பாக.

இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம். நான் அதைச் சுட்டிக் காட்டவில்லை. என் வாழ்நாளில் வாயை மூடிய இரண்டாம் தடவை.

கரண்டியால் எழுத்துகளை ஒவ்வொன்றாக வழித்து ஒரு ஜக் தண்ணீரில் கரைத்தேன். ஜாமா பிஸ்மி சொல்லிப் பாதி கிளாஸ் குடித்தார். மீதியை நூரிடம் நீட்டினார். நூர் அந்தக் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"உங்க அண்ணன் வீட்டு விஷயம் பையன் சொன்னான். அப்ப நான் இங்கதான் இருந்தேன். ரேடியோவுல கேட்டேன். ஒண்ணும் சொல்லல, யார்கிட்டயும்."

குடித்தார். பிறகு கத்தியை எடுத்து நட்சத்திரத்தின் நடுவிலேயே வெட்டினார். முதல் துண்டு ஜாமாவுக்கு.

இனிப்பு அதிகம் என்று இருவருமே குறை சொன்னார்கள்.

மே 23

நிக்காஹ் எங்கே என்று மறுபடி சண்டை. ஜாமாவின் ஹர்கெய்சாவா, நூரின் மொகதிஷுவா? ஹோதன் ஷார்ஜாவில் ஹால் பிடித்துவிட்டாளாம்.

ஜூன் 9, வெள்ளி

ஷார்ஜாவில் நிக்காஹ் சாப்பாடு. நூர் என்னைத் தன் உறவினருக்கு அறிமுகம் செய்தார்: "இவர் இந்தியா."

"காயல்பட்டினம்," என்று திருத்தினேன். ஜாமா பிரியாணியை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 10

உம்மு சல்மாவுக்கு நானே ஃபோன் செய்தேன். கீழக்கரைக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்களா என்று கேட்டேன். வரச் சொல் என்றேன்.

கேக் மட்டும் வேண்டாம்.