இருபத்தைந்து வருட றை விஸ்கி

பேசாலை, மன்னார்
12.04.2003

அன்புள்ள கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு,

நீங்களும் உங்கள் மனைவி யோசெப்பின் அக்காவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கனடாவிலிருந்து இவரின் உடலை எங்களிடம் அனுப்பிவைக்க நீங்கள் அலைந்த அலைச்சலைச் சாகும்வரை மறக்கமாட்டேன். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது.

விஸ்கிக் கம்பனியிலிருந்து வந்த கடிதத்தைக் கன்னியர்மடத்துச் சிஸ்டர் வாசித்துச் சொன்னார். பீப்பாய் உருளாமல் தடுக்கும் ஆப்பை வைக்க அன்டன் மறந்துபோனதால்தான் அது அவர்மேல் விழுந்ததாம். அண்ணை, கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். பக்கத்தில் நின்றவர் நீங்கள்தானே. நடந்ததை உங்கள் கையால் எழுதுங்கள். மெலனிக்கு ஆறு வயது. வளர்ந்து கேட்கும்போது நான் ஏதாவது சொல்லவேண்டும்.

உங்கள் தங்கச்சி,
அஜிதா


வில்லரே, மொன்றியல்
30.06.2003

அன்புத் தங்கச்சி அஜிதாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் குறைநினைக்க வேண்டாம். அன்டனுக்காக இங்கும் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

எங்கள் வேலை எப்படிப்பட்டதென்று உமக்கு விளங்கவேண்டும். றை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம். குளிரைத் தாங்கி வளரும். அதை வடித்து, உட்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாய்களில் ஊற்றி வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் செய்துவருகிற விஸ்கி என்று முதலாளிக்குப் பெருமை. எங்கள் பண்டகசாலையில் 1979இல் நிரப்பிய பீப்பாய்களும் இருக்கின்றன. வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதைச் சம்மனசுகளின் பங்கு, தேவதூதர்களின் பங்கு, என்பார்கள். "சம்மனசுகள் எங்கட பங்கையும் சேத்தெல்லோ குடிக்கினம்" என்று அன்டன் சிரிப்பான்.

அந்தப் பழைய பீப்பாய்களை இறக்கும்போதுதான் அது நடந்தது. கண் இமைக்கிற நேரம். கம்பனி எழுதியதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மெலனியை நன்றாகப் படிக்க வையும்.

அன்புடன்,
கிறிஸ்தோப்பர் அண்ணை


பேசாலை
08.11.2004

அன்புள்ள அண்ணைக்கு,

ஒன்றரை வருடமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன நத்தார் பண்டிகைக்கு யோசெப்பின் அக்கா மெலனிக்கு அனுப்பிய சட்டை அளவாக இருந்தது.

பங்குச் சுவாமியைத் தவிர ஒருவருக்கும் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். அவர் சாவதற்கு முதல்நாள் டெலிபோனில் சண்டை பிடித்தேன். ஐந்து வருடமாக எங்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்கிறீர்கள், அங்கே வேறு யாரும் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டேன். அவர் டெலிபோனை வைத்துவிட்டார். அந்த யோசனையில்தான் ஆப்பை மறந்திருப்பார். நான்தான் அவரைக் கொன்றேன், அண்ணை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி மன்னித்தார். ஆனாலும் நற்கருணை வாங்க எழும்பினால் கால் நகர்வதில்லை.

அஜிதா


வில்லரே
23.01.2005

தங்கச்சி அஜிதா,

உமது கடிதம் இரண்டு மாதமாக என் ஜக்கெற் பைக்குள் கிடக்கிறது.

நீர் கொல்லவில்லை. அவன் எதையும் மறக்கவுமில்லை. ஆப்பைக் கழற்றியவன் நான்.

பல வருடமாக நான் வேலையிடத்தில் குடித்துவந்தேன். பழைய பீப்பாய்களுக்குள் சின்னக் குழாய் விட்டு உறிஞ்சுவேன். யோசெப்பினுக்கே தெரியாது. அன்டனுக்குத் தெரியும், அவன் யாருக்கும் சொல்லவில்லை. அன்று காலை பத்து மணிக்கே எனக்குத் தலை சுற்றியது. நான் பீப்பாய் அடுக்கின் மூன்றாம் தட்டில் நின்றேன். அவன் கீழே நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணை, இறங்குங்கோ. நான் ஏறிச் செய்யிறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

எனக்கு வெட்கம் கோபமாக வந்தது. "உன்ர வேலையைப் பார்" என்றேன். என்னைப் பிடித்து இறக்கவென்று அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். நான் ஆப்பை அடித்துக் கழற்றினேன். பீப்பாயில் இறக்கும் கயிறு மாட்டியிருக்கவில்லை.

விசாரித்தவர்களிடம், அவன்தான் மறந்தான் என்று பிரெஞ்சில் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். மறியலில் போட்டு அடைத்துவிடுவார்கள் என்ற பயம்.

போன மாதம் அந்த 1979 விஸ்கியைப் போத்தலில் அடைத்து, இருபத்தைந்து வருட றை என்று விழா வைத்தார்கள். போத்தலில் முதலாளியின் பூட்டனுடைய படம். இந்த விஸ்கியைக் காத்த கைகளுக்கெல்லாம் நன்றி என்று முதலாளி பேசினார். மூத்த தொழிலாளி என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கிளாசைத் தந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதும் உமது கடிதம் பைக்குள் இருந்தது. நான் குடித்தேன், அஜிதா. நன்றாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து யோசெப்பினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கர்க்லாண்டில் தன்ர தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

கிறிஸ்தோப்பர்


பேசாலை
17.03.2005

திரு. சவிரிமுத்து கிறிஸ்தோப்பர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவரின் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழும்பிக் கடற்கரைப் பக்கம் போனவர், பொழுதுபட்டுத்தான் வந்தார். "அப்பா ஒண்டையும் மறக்கேல்லையாம்" என்று மெலனி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

அன்று நீங்கள் சொன்னது பொய் என்று கம்பனிக்குப் பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுங்கள். அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள், சிஸ்டர் வாசிப்பார். அதோடு வேறு கடிதம் வேண்டாம். மெலனிக்குச் சட்டையும் வேண்டாம்.

குடித்தீர்கள், பயந்தீர்கள், பொய் சொன்னீர்கள். அதையெல்லாம் நான் ஒருநாள் மன்னிக்கக்கூடும். ஆனால் நான்தான் கொன்றேன் என்று ஒருத்தி எழுதிய கடிதத்தை இரண்டு மாதம் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தீர்களே. அதை மன்னிக்க என்னால் முடியாது.

அஜிதா அன்டன்