செருகாத போனுக்கும் பச்சை

அன்புள்ள என்னவருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் மகளும் உங்கள் அம்மாவும் சுகம். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வரும்வரை சிரிக்க மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை நம்பி நான் எதையும் கணக்கில் எழுத முடியாது. அதோடு, இங்கே போனில் பேசினால் முன் அறையில் வேலை செய்யும் உங்கள் கூட்டாளியின் காதில் விழும். விஷயமே அவரைப் பற்றியதுதான்.

முன்பெல்லாம் "அண்ணி, டீ எங்கே, நான் உயிரோட இருக்கணுமா வேண்டாமா" என்று வீட்டையே இரண்டாக்குவார். இப்போது நான் டம்ளரோடு போனால் திரையை மூடிவிடுகிறார்.

நீங்கள் எனக்குப் புரியவைத்தது மறக்கவில்லை. ஒரு மென்பொருளை மொத்தமாகப் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது. துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே சோதிக்க வேண்டும், அதுவும் கணினி, டேப்லெட், போன் எல்லாவற்றிலும். அதைச் செய்யத்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கும் இந்தக் கருவி. தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

திங்கட்கிழமை அவர் மேசையைத் துடைக்கும்போது, சோதனைக்காகக் கருவியில் செருகியிருந்த பழைய போனின் ஒயரைப் பிடுங்கி, போனை அலமாரிக்குள் வைத்தேன். திரும்பச் செருக மறந்துவிட்டேன். மறுநாள் பெருக்கும்போது திரையைப் பார்த்தால் அந்தப் போனுக்கும் பச்சை! என் கண்தான் சரியில்லை என்று நினைத்து, அடுத்த நாள் வேண்டுமென்றே டேப்லெட்டையும் பிடுங்கினேன். அதற்கும் பச்சை.

கேட்டேன். "அண்ணி, நீங்க பெருக்க வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா" என்று சிரித்தார். இரண்டுக்கும்தான் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, தப்பு என்று பதில் வராவிட்டால் கருவி அதைப் பச்சையாக எடுத்துக்கொள்ளும் என்றார். பதிலே வராவிட்டால் என்று கேட்டதற்கு, "அப்பவும் தப்புன்னு வரலைதானே" என்கிறார்! ஒரு பொருள் வாங்காத நாளில்கூட நான் கணக்கு நோட்டில் அந்த இடத்தைச் சும்மா விடாமல் 'வாங்கவில்லை' என்று எழுதுகிறவள். எனக்கு எப்படி மனசு ஒப்பும்?

உங்கள் கண்ணில் மண்ணைத் தூவுகிறார் என்றே முடிவு கட்டினேன். உங்களிடம் சொல்லப்போகிறேன் என்று மிரட்டினேன். அவர் பயப்படவே இல்லை. "தாராளமா சொல்லுங்க. இணைக்காததுக்குச் சாம்பல் நிறம்தான் வச்சிருந்தேன். பார்க்கிறவங்க கேள்வி கேட்பாங்க, எடுத்துடுன்னு சொன்னதே அண்ணன்தான்" என்றார்.

உங்கள் மேல் பழி போடுகிறாயா என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். சமையலறையில் நின்றபோதுதான், போன வாரம் நீங்கள் போனில் அவரிடம் "வெள்ளிக்குள்ள எல்லாம் பச்சையாகணும், எப்படியாவது" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த "எப்படியாவது" மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீங்கள் கருவியைக் காட்டப்போவது, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிறவர்களிடம். போன வருடம் உங்கள் அம்மாவின் கையில் மாட்டியிருந்த பெட்டி மாதிரிதானே? அதன் திரை எல்லாம் சரி என்று காட்டியதால்தானே நாம் இருவரும் நாற்காலியில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தோம்?

உங்கள் கூட்டாளி சொன்னது பொய் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன். அப்படி எழுத முடியாவிட்டால் எனக்கு எதுவுமே எழுத வேண்டாம். அந்தச் சாம்பல் நிறத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி அவருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தப் போனும் டேப்லெட்டும் அலமாரிக்குள்தான் இருக்கின்றன. தினமும் திரையைப் பார்த்து நானே தெரிந்துகொள்வேன். அதன்பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் கும்பிட்டேன். இப்போது கை கூப்பி நிற்கிறேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கடவுள் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும்.

என்றும் உங்களை நம்ப விரும்பும்,
உங்கள் வீட்டுக்காரி